உதிரிபாகத்தின் விலை எந்த நாளுக்குரியது?

"போன மாசம் கேட்டப்ப 86 வெள்ளின்னு சொன்னீங்க, இப்ப 94-ங்கிறீங்களே அண்ணே?" சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ வாகன உதிரிபாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். பதிலும் பெரும்பாலும் ஒரே வரிதான்: "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது பாஸ்." அது பொய்யில்லை. ஆனால் சிஸ்டம் ஏன் அப்படிக் காட்டுகிறது, நேற்றிரவு அதற்குள் என்ன நடந்தது, யார் அதை முடிவு செய்தது என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அமுங்கிப்போகின்றன.

வாகன டீலர்கள் பயன்படுத்தும் மேலாண்மை மென்பொருளில் வண்டி விற்பனை, பழுதுபார்ப்பு, உதிரிபாகம், கணக்கு என்று பல பிரிவுகள் உண்டு. ஆட்டோலைன், இன்காடியா, சிடிகே என்று பெயர்கள் மாறும். சிறிய பட்டறையில் ஒரு கணக்கு மென்பொருளும் பக்கத்தில் ஓர் எக்செல் கோப்பும் மட்டும் இருக்கும். எதுவானாலும், உதிரிபாக விலையைப் புதுப்பிப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எழுத்தர் வேலையாகத்தான் தெரியும்: புதுப் பட்டியல் வந்தது, பழைய எண்ணை அழித்தோம், புது எண்ணை இட்டோம், முடிந்தது. நான் அப்படி நினைக்கவில்லை. எந்த விலையும் ஏதோ ஒரு நாளுக்குச் சரியான விலைதான். தப்பான விலையால் வரும் தொல்லையைவிட, சரியான விலை தப்பான நாளிலோ தப்பான பாகத்தின் மேலோ போய் உட்கார்ந்துகொள்வதால் வரும் தொல்லைதான் அதிகம்.

ஒரு பிரேக் பேடின் பதிவைத் திரையில் திறந்து பார்த்தால் விலை என்று ஒன்று இருக்காது, ஐந்தாறு இருக்கும். வாடிக்கையாளருக்கான சில்லறை விலை. மற்றப் பட்டறைகளுக்குக் கொடுக்கும் மொத்த விலை. விநியோகிப்பாளரிடம் இன்று ஆர்டர் போட்டால் ஆகும் கொள்முதல் விலை. கடைசியாக உண்மையில் கொடுத்த விலை. அலமாரியில் இருக்கும் சரக்கின் சராசரி அடக்க விலை. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவற்றில் பழையதைத் திருப்பிக் கொடுத்தால் கழித்துக்கொள்ளும் வைப்புத்தொகை வேறு. இவற்றில் முதல் மூன்றும் இனி நடக்கப்போகும் வியாபாரத்துக்கான எண்கள். அடுத்த இரண்டும் நடந்து முடிந்ததன் பதிவு. புதுப் பட்டியல் வந்தால் மாற வேண்டியவை முன்னவை மட்டுமே. பின்னவற்றை யாரும் கையால் தொடக் கூடாது. சரக்கு உள்ளே வரும்போது அவை தாமாக மாறும்.

கணினி வருவதற்கு முன் கடைக்காரர்கள் பெட்டியின் மேலேயே அடக்க விலையை மறைவாக எழுதிவைப்பார்கள். திரும்ப வராத பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். வாங்க வருபவருக்கு அது ஏதோ கிறுக்கல். விற்பவருக்கோ எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இன்றைய மென்பொருளில் அதே வேலையை அனுமதி அமைப்பு செய்கிறது: கவுன்டரில் இருப்பவருக்குச் சில்லறை விலை மட்டும் தெரியும், மேற்பார்வையாளருக்கு அடக்க விலையும் தெரியும், மாற்றும் உரிமை ஓரிருவருக்கு மட்டும்.

புது விலை வருவது ஒரு கோப்பாக. வண்டி நிறுவனமோ விநியோகிப்பாளரோ மாதந்தோறும் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை அனுப்புவார்கள். அந்த நிறுவனம் விற்கும் எல்லாப் பாகங்களும் அதில் இருக்கும். வரிகள் பல்லாயிரம், சமயத்தில் நூறாயிரத்தையும் தாண்டும். கடையின் அலமாரியில் இருப்பதோ சில ஆயிரம் வகைகள். இதனால்தான் நல்ல மென்பொருள் இரண்டையும் பிரித்தே வைக்கிறது. முழுப் பட்டியல் ஒரு தனி இடத்தில் இருக்கும்; சரக்கிருப்புப் பதிவு வேறு இடத்தில் இருக்கும்; ஒரு பாகத்தை முதன்முதலாக ஆர்டர் போடும்போது அதன் விவரம் பட்டியலிலிருந்து இருப்புக்கு நகலாகும். இந்தப் பிரிவினை இல்லாத மென்பொருளில் முழுக் கோப்பையும் கொட்டினால், ஒரு வண்டிக்கும் தேவைப்படாத திருகும் மூடியும் தேடல் பட்டியலை அடைத்துக்கொள்ளும். அதன்பின் கவுன்டரில் ஒன்றைத் தேடினால் நாற்பது வந்து நிற்கும்.

கோப்பைத் திறக்கும் இடத்தில்தான் பாதிச் சேதம் நடக்கிறது, அதுவும் எக்செலில். உதிரிபாகத்தை அடையாளம் காட்டுவது பார்ட் நம்பர் என்றாலும் அது கணித எண் அல்ல. எண்களால் எழுதிய பெயர். டொயோட்டாவின் 04465-33471 கேம்ரி வண்டியின் முன்பக்க பிரேக் பேடு. நடுக்கோட்டை எடுத்துவிட்டு எக்செலில் திறந்தால் முன்னால் நிற்கும் பூஜ்யம் காணாமல் போய்விடும். மீதி ஒன்பது இலக்கங்கள் எந்தப் பாகத்தோடும் பொருந்தாது. போஷ் நிறுவனத்தின் பத்து இலக்க எண்களில் பலவும் பூஜ்யத்தில்தான் தொடங்கும். பன்னிரண்டு இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் எக்செல் அதை அறிவியல் முறைக்குச் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். எண்களுக்கு நடுவே 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வந்தாலும் அதே கதிதான். நடுக்கோடு போட்ட சிறிய எண்களைத் தேதியாக மாற்றிவிடுவதும் உண்டு.

இது உதிரிபாகக்காரர்களின் தனித் தலைவலி அல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே எக்செலுக்குத் தோற்றுப்போனது. மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போலத் தோன்றிய மரபணுப் பெயர்களை எக்செல் விடாமல் தேதியாக்கியதால், 2020இல் வந்த விதிமுறைகளோடு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல்தான் கொடுத்தது. பூஜ்யத்தைத் தொலைத்த வரிகளை மென்பொருள் என்ன செய்யும் என்பது அமைப்பைப் பொறுத்தது. பொருந்தவில்லை என்று ஒதுக்கினால் பழைய விலையே நீடிக்கும், ஓரளவு நல்லது. பொருந்தாததைப் புதுப் பாகமாகச் சேர்த்துக்கொள்ளும்படி வைத்திருந்தால், ஒரே பிரேக் பேடு இரண்டு பெயரில், இரண்டு விலையில், ஒன்றில் இருப்பு ஆறு, மற்றதில் பூஜ்யம் என்று பதிவாகும். கணக்கெடுப்பு நாள் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

விலைப் பத்தியிலும் இதே மாதிரிக் கண்ணிகள் உண்டு. ஜெர்மனியிலிருந்து வரும் கோப்பில் தசமத்துக்குப் புள்ளி இருக்காது, காற்புள்ளி இருக்கும். 12,50 என்பது பன்னிரண்டரை யூரோ. நம் ஊர் அமைப்பில் இருக்கும் கணினி அதை 1250 என்று படிக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு பத்திக்கும் இத்தனை எழுத்து என்று வரையறுத்த பழைய காலத்து நிலை அகலக் கோப்புகளில் புள்ளியே இருக்காது. கடைசி இரண்டு இலக்கம் காசு என்பது வாய்மொழி மரபு. அதே அமைப்பில் ஜப்பானிய விலை வந்தால் சிக்கல், ஏனென்றால் யென்னுக்குக் காசு கிடையாது. அளவு அடுத்த கண்ணி. ஆயில் வடிகால் திருகின் வாஷர் பத்துக்கு ஒரு பை என்று விநியோகிப்பாளர் விலை போட்டிருப்பார். கடையில் ஒன்றொன்றாகத்தான் விற்பார்கள். என்ஜின் ஆயில் டிரம்மில் வரும், லிட்டரில் போகும். மாற்றும் விகிதம் பதிவாகாமல் இருந்தால் ஒரு வாஷருக்குப் பத்து வாஷரின் விலை கேட்க நேரும். வாடிக்கையாளர் முகம் சுளித்துப் போய்விடுவார். டிரம் கணக்கு தலைகீழானால் இழப்பு கடைக்கு.

எனக்குத் தெரிந்து மிக மோசமானது பூஜ்ய விலை. உற்பத்தி நின்றுபோன பாகத்துக்கும், கேட்டால் மட்டும் விலை சொல்லும் பாகத்துக்கும் சில கோப்புகளில் 0.00 என்று இருக்கும், சிலவற்றில் 99999.99 என்று இருக்கும். இரண்டும் விலை அல்ல, குறிப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினால், அலமாரியில் கடைசியாக ஒன்றிருக்கும் அரிய பாகம் இலவசமாகப் போகத் தயாராக நிற்கும். அரிய பாகத்தைத் தேடி வருபவருக்கு அதன் மதிப்பு நன்றாகவே தெரியும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பாகங்களுக்குப் பெயர் மாறுவதும் உண்டு. ரப்பர் கலவையை மாற்றுவார்கள், சப்ளையரை மாற்றுவார்கள், பழைய எண் போய்ப் புது எண் வரும். கோப்பில் பழைய எண்ணுக்கு எதிரே அதன் வாரிசு எண் இருக்கும். அதற்கும் வாரிசு இருக்கலாம். மூன்று தலைமுறை தாண்டிப் போனால்தான் இன்று கிடைக்கும் பாகம் வரும். வாரிசு இரண்டு பக்கமும் செல்லுமா என்பது முக்கியமான கேள்வி. புதியது பழைய வண்டிக்குப் பொருந்தும், ஆனால் பழையது புதிய வண்டிக்குப் பொருந்தாது என்று இருந்தால், இரண்டின் இருப்பையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. ஒரு பாகம் இரண்டாகப் பிரிந்து வருவதும் உண்டு: முன்பு பம்பு மட்டும், இப்போது பம்பும் கேஸ்கெட்டும் தனித்தனியாக. பழைய எண்ணின் விலையைப் புதிய பம்பின் விலையோடு மட்டும் ஒப்பிட்டு 'விலை குறைந்துவிட்டது' என்று மென்பொருள் மகிழ்ச்சியாக அறிவிக்கும். அதை நம்பக் கூடாது.

இனி, சிங்கப்பூருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கார் தொழிற்சாலையை நம்பி உதிரிபாகம் விற்பதில்லை. அநேகமாக எல்லாம் கடல் தாண்டி வருபவை. அதனால் ஒவ்வொரு விலைக்குள்ளும் ஒரு நாணய மாற்று விகிதம் ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை அல்ல, நாணய மாற்று மதிப்பையே கொள்கைக் கருவியாக வைத்திருக்கிறது. வெள்ளியை ஒரு கூடை நாணயங்களுக்கு எதிராக நிர்வகிக்கிறது. கூடை மொத்தமாக அமைதியாக இருந்தாலும் அதிலுள்ள தனி நாணயம் துள்ளலாம். யென் அப்படித்தான் செய்தது. 2021 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு 80 யென்னுக்கும் குறைவு. 2024 ஜூலையில் 115க்கும் மேல். 5,000 யென் விலையுள்ள பாகம் 78 யென் கணக்கில் 64 வெள்ளி 10 காசு. 118 யென் கணக்கில் 42 வெள்ளி 37 காசு.

கவுன்டர் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பது ஜப்பானிய வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும். ஏமாற்று வேலை என்று சொல்லிவிடுவது சுலபம். எல்லா ஜப்பானிய நிறுவனமும் யென்னில் விலை போடுவதில்லை. வட்டாரத்துக்கென அமெரிக்க டாலரிலோ உள்ளூர் நாணயத்திலோ பட்டியல் போடுபவர்கள் உண்டு. விநியோகிப்பாளர் மாதக்கணக்கில் முன்கூட்டியே நாணயத்தை ஒப்பந்த விகிதத்தில் பூட்டிவைத்திருப்பார். கப்பல் கட்டணம், காப்பீடு, கிடங்கு வாடகை, சம்பளம் எதுவும் யென்னில் இல்லை. இதெல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமில்லாத காரணமும் ஒன்று உண்டு: விலையேற்றக் கோப்பை அன்றிரவே ஏற்றும் கை, விலையிறக்கக் கோப்பை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறது. மென்பொருளில் கோப்பு வந்த தேதியும் ஏற்றிய தேதியும் பதிவாகும். முதலாளிகள் ஒருமுறை அந்த இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தங்கள் கடையின் குணம் தெரிந்துவிடும்.

இறக்குமதியில் கணக்குக் குழப்பம் அதிகம் நடப்பது வரியில். உதிரிபாகம் உள்ளே வரும்போது சரக்கு மதிப்பு, காப்பீடு, கப்பல் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் பொருள் சேவை வரி கட்ட வேண்டும். ஆனால் ஜிஎஸ்டி பதிவுபெற்ற நிறுவனம் அதைப் பின்னர் உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கோரலாம். திரும்ப வரும் பணம் அடக்கத்தில் சேராது. அதை அடக்க விலைக்குள் சேர்த்துவிட்டு, அதன் மேல் லாபம் வைத்து, மறுபடி விற்பனையில் 9 விழுக்காடு போட்டால், வரிக்கு லாபம், லாபத்துக்கு வரி என்று விலை வீங்கிவிடும். போட்டிக் கடை எப்படி இவ்வளவு குறைவாக விற்கிறது என்று புலம்புபவர்கள் முதலில் இந்த இடத்தைப் பார்க்கலாம். லாப விழுக்காட்டிலும் ஒரு பழைய வழுக்கல் உண்டு. 80 வெள்ளி அடக்கத்தின் மேல் 25 விழுக்காடு ஏற்றினால் 100. விற்பனை விலையில் 25 விழுக்காடு லாபம் வேண்டுமென்றால் 106 வெள்ளி 67 காசு. மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கும். பெட்டியை மாற்றித் தட்டினால் எல்லாப் பாகமும் மாறும்.

பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1இல் 7இலிருந்து 8 ஆனது. 2024 ஜனவரி 1இல் 9 ஆனது. பொதுமக்களுக்குக் காட்டும் விலை வரி சேர்ந்த விலையாக இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. ஆகவே அலமாரிச் சீட்டு, இணையப் பட்டியல், எஸ்டிமேட் எல்லாமே ஒரே இரவில் மாற வேண்டியிருந்தது. இதில் ஒரு குட்டிக் கணக்கு பலரை ஏமாற்றும். வரி ஒரு விழுக்காடு ஏறியதால் 108 வெள்ளிப் பாகத்தை 1.01 ஆல் பெருக்கினால் 109 வெள்ளி 8 காசு வரும். சரியான விலை 109. ஏறியது வரி சேர்ந்த விலையின் மேல் ஒரு விழுக்காடு அல்ல. வரி சேராத 100இன் மேல் ஒரு விழுக்காடு. எட்டுக் காசுதானே என்றால், ரொக்கத்தில் அப்படித் தோன்றலாம். ஒரு காசு நாணயத்தை 2002இலேயே வெளியிடாமல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிறுவன வாடிக்கையாளரின் கணக்காளர் அந்த எட்டுக் காசைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார். இன்வாய்ஸில் பத்துப் பாகம் என்றால் பத்து முறை தப்பு.

வரியைச் சேர்க்காத விலையை மட்டும் சேமித்துவைத்து, வரியை விற்கும் நேரத்தில் தேதியைப் பார்த்துக் கூட்டும் மென்பொருளுக்கு இந்த இரவு வேலையே இல்லை. வரி சேர்ந்த விலையைச் சேமித்தவர்கள்தான் ஆண்டின் கடைசி நாளில் அமர்ந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அதிலும் பாதி முடிந்த வேலைகள்: டிசம்பர் 30இல் வண்டி உள்ளே வந்தது, பாகம் பொருத்தியாயிற்று, இன்வாய்ஸ் ஜனவரி 2இல். எந்த வரி என்பது பாகம் ஒப்படைத்த நாள், பணம் வந்த நாள், இன்வாய்ஸ் நாள் ஆகியவற்றைப் பொறுத்தது. அதற்கென இடைக்கால விதிகளை வரி ஆணையம் வெளியிட்டிருந்தது. 'அமலுக்கு வரும் தேதி' என்ற பத்தி மென்பொருளில் இல்லையென்றால் அந்த விதிகளைத் தலையில்தான் சுமக்க வேண்டும்.

வரி மாறாத நாளிலும் இதே கேள்வி தினமும் நடக்கிறது. வாடிக்கையாளருக்குச் செவ்வாய்க்கிழமை எஸ்டிமேட் கொடுத்தோம். புதன் இரவு புது விலை ஏறியது. வெள்ளிக்கிழமை வண்டி தயார். அந்த வண்டியின் வேலையும் பாகமும் பதிவாகும் ஜாப் கார்டில் எந்த விலை இருக்க வேண்டும்? திறந்திருக்கும் ஜாப் கார்டுகளுக்கும் புது விலையைப் பாய்ச்சலாமா என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் 'ஆம்' தட்டுபவர்கள் உண்டு. தட்டக் கூடாது. மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. 2004 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம், கொடுத்த மதிப்பீட்டைவிடக் கணிசமாக அதிக விலை வசூலிப்பதை நியாயமற்ற செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் முன்கூட்டியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு. காப்புறுதி நிறுவனம் அனுமதித்த எஸ்டிமேட், வாடகை வண்டி நிறுவனத்தோடு போட்ட ஆண்டு ஒப்பந்த விலை, முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்த பாகம் எல்லாம் இதே வகைதான். இவற்றில் விலை அந்த வியாபாரத்தோடு கட்டப்பட்டது. பட்டியல் மாறினாலும் அது நகரக் கூடாது.

சரி, அலமாரியில் இருக்கும் பழைய சரக்கைப் புது விலைக்கு விற்பது நியாயமா? வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளில் இதுதான் கூர்மையானது. பத்து ஃபில்டர் 12 வெள்ளிக்கு வாங்கி வைத்திருக்கிறோம். கொள்முதல் விலை 15 ஆகிவிட்டது. இன்னும் பத்து வந்தால் சராசரி அடக்கம் 13 வெள்ளி 50 காசு. ஒரே தொட்டியில் ஊற்றிய எண்ணெயைப் போல எது பழையது, எது புதியது என்று பிரிக்க முடியாது. கணக்கில் லாபத்தை அந்தச் சராசரியில் பார்க்க வேண்டும். விற்பனை விலையை வைக்கும்போது மட்டும் இன்றைய 15ஐப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விற்ற இடத்தை அந்த விலைக்குத்தான் நிரப்ப முடியும். பழைய அடக்கத்தில் விற்றுக்கொண்டே போகும் கடை, சரக்கு தீரும் நாளில் அதே அளவு சரக்கை வாங்கப் பணம் இல்லாமல் நிற்கும். எனவே புது விலைக்கு விற்பதில் தவறில்லை என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை: கொள்முதல் விலை இறங்கும்போதும் அதே தர்க்கம் நடக்க வேண்டும். ஏறும்போது மாற்று விலை, இறங்கும்போது 'நாங்கள் பழைய விலைக்கு வாங்கியது' என்று இரண்டு வாதத்தையும் ஒரே வாய் பேசினால் அந்தக் கடைக்கு விளக்கம் இல்லை.

ஆனால் புதுக் கோப்பை ஏற்றும்போது சராசரி அடக்கத்தையே 15 என்று அழித்து எழுதினால் அது வேறு கதை. இன்னும் எதுவும் வரவில்லை. 120 வெள்ளிச் சரக்கு ஒரே இரவில் 150 ஆகிறது. அந்த 30 வெள்ளி யாரும் சம்பாதிக்காத லாபம். ஆயிரக்கணக்கான பாகங்களில் நடந்தால் ஆண்டுக் கணக்கே புளுகாகிவிடும். சிங்கப்பூரின் கணக்கியல் தரநிலைப்படி சரக்கிருப்பை அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை ஆகிய இரண்டில் குறைவானதில் காட்ட வேண்டும். முதலில் வந்தது முதலில் போகும் முறையும் சராசரி முறையும் செல்லும்; கடைசியில் வந்தது முதலில் போகும் முறை செல்லாது. தணிக்கையாளர் இதைக் கேட்காமல் விட மாட்டார்.

'விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை' என்பது இந்த ஊரில் வெறும் பாடநூல் வரி அல்ல. இங்கே வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் பத்தாண்டு. முடிந்ததும் வண்டியை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். ஒரு மாடல் நன்றாக விற்ற ஆண்டுக்குச் சரியாகப் பத்தாண்டு கழித்து அதன் பம்பருக்கும் விளக்குக்கும் ஆளில்லாமல் போகலாம். சான்றிதழ் விலை உச்சத்தில் இருந்தால் பழைய வண்டியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கூடுவார்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. ஆகவே ஒரு பழைய பாகத்தின் விலை உற்பத்தியாளர் கோப்பில் மட்டும் இல்லை. மாதம் இருமுறை நடக்கும் சான்றிதழ் ஏலத்திலும் பாதி இருக்கிறது. இதைக் கோப்பு சொல்லாது. ஸ்டோர் பொறுப்பாளர் தன் அனுபவத்தில் சொல்ல வேண்டும்.

போட்டியும் மாறியிருக்கிறது. வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் செல்லாது என்று டீலர்கள் வைத்திருந்த நிபந்தனைகள், போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப் பின் நீக்கப்பட்டதாக 2017 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதற்குமுன் டீலரின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க உத்தரவாதக் காலத்தில் இருந்தவருக்குப் பெரிய காரணம் இல்லை. இப்போது உண்டு. இணையத்திலிருந்து வரவழைக்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு என்பதால் உள்ளூர்க் கடைக்கு இருந்த ஒரு பாதகம் குறைந்தது. பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூரில் பாகத்தை மாற்றிக்கொண்டு வருபவர்களை இது தடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கு 3.5 ரிங்கிட்டுக்கும் மேல் கிடைத்தது. எந்தப் பாகத்தில் விலை ஏற்றினால் வாடிக்கையாளர் கவனிப்பார், எதில் கவனிக்க மாட்டார் என்பதை ஒட்டித்தான் மென்பொருளில் லாபப் படிநிலை அமைக்கிறார்கள். இரண்டு வெள்ளி கிளிப்பை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆயில் ஃபில்டரையும் பிரேக் பேடையும் எல்லாரும் ஒப்பிடுவார்கள்.

கவனமான கடையில் புதுப்பிப்பு எப்படி நடக்கும் என்றால், கோப்பு நேரே உள்ளே போகாது. முதலில் ஒரு தனி இடத்தில் இறக்குவார்கள். பத்திகளை எழுத்தாகவே படிக்கச் சொல்லித் திறப்பார்கள். எத்தனை வரி பொருந்தியது, எத்தனை பொருந்தவில்லை, விலை பூஜ்யமானவை எவை, 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியவை, இறங்கியவை எவை, விற்பனை விலையே அடக்கத்துக்குக் கீழ் போனவை எவை என்று ஓர் அறிக்கை எடுப்பார்கள். இருப்பில் உள்ளவற்றை மட்டும் பார்த்தால் அந்த அறிக்கை ஓரிரு பக்கந்தான் வரும். தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஸ்டோரில் இருப்பவர் ஒருவர் படிக்க வேண்டும், கணக்குப் பிரிவில் இருப்பவர் படித்தால் போதாது. 40 வெள்ளி கேஸ்கெட் 400 ஆனதைப் பார்த்ததும் உறுத்துவது கையால் எடுத்துக் கொடுத்தவருக்குத்தான். பிறகு காப்பு நகல், ஏற்றம், பத்துப் பாகத்தைத் திரையில் திறந்து சரிபார்ப்பு. ஏற்றியவரும் ஒப்புதல் கொடுத்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதைச் சிறிய கடைகள் கடைப்பிடிப்பது கஷ்டம். குறைந்தபட்சம் யார், எப்போது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாற்றினார் என்ற பதிவாவது நிற்க வேண்டும்.

கோப்பே இல்லாமல், கவுன்டரில் தட்டும் நொடியில் உற்பத்தியாளரின் கணினியிடம் விலை கேட்டு வாங்கும் முறையும் பரவுகிறது. புதிய பிராண்டுகளுக்கு, குறிப்பாக 2024இல் இங்கே அதிகம் விற்ற காராக பிஒய்டி வந்த பிறகு பெருகிவரும் மின்சார வண்டிகளுக்கு, பழைய கோப்பு மரபைச் சுமக்க வேண்டிய அவசியமும் இல்லை. விலை எப்போதும் புதியது என்பது அதன் பலம். இணைப்பு அறுந்தால் விலையே இல்லை என்பது பலவீனம். 2024 ஜூன் 19இல் சிடிகே நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது வட அமெரிக்காவில் அதை நம்பியிருந்த சுமார் 15,000 டீலர்களில் பலர் பேனாவும் தாளும் எடுக்க நேர்ந்தது. நேரடி விலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. காலையில் சொன்ன விலையும் மாலையில் சொன்ன விலையும் வேறாக இருந்தால், காலையில் என்ன சொன்னோம் என்பதற்குச் சான்று வேண்டும். மென்பொருள் அந்த நொடியின் விலையை எஸ்டிமேட்டோடு சேர்த்துப் பூட்டிவைக்காவிட்டால் அது எங்கும் இருக்காது.

இன்வாய்ஸ் போன பிறகு திருத்துவதும் முன்போல் எளிதில்லை. மின் இன்வாய்ஸ் கட்டமைப்பில் ஒவ்வொரு பாகத்தின் விலையும் வாங்குபவரின் கணினிக்கே நேராகப் போய்விடுகிறது. 2025 நவம்பர் 1 முதல், புதிதாக நிறுவப்பட்டு, தாமாக முன்வந்து பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யும் நிறுவனங்கள் இன்வாய்ஸ் தரவை அந்தக் கட்டமைப்பு வழியாக வரி ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும். பூஜ்யம் ஒன்று கூடிப்போன கேஸ்கெட்டை இனி மெல்ல அழித்து எழுத முடியாது. பழைய தொகையைக் கழிக்கும் கடன் குறிப்பு போட்டு, காரணம் எழுதி, மறுபடி இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும்.